தினம் ஒரு பேர்

முசிறியில் ஒரு டீச்சர் இருக்கிறார். பேர் ரெஜினா. வயசு முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த சிஷ்யர் துரைக்கண்ணு. வயசு ஐம்பத்திரண்டு. டீச்சர் அவரை அண்ணே என்பார். அவர் டீச்சரை டீச்சர் என்பார். வயசைப் பார்த்துத்தான் யார் குரு என்று முடிவு பண்ணுவேன் என்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

துரைக்கண்ணு முன்னே கேபிள் டிவி ஒயர் இழுத்தவர். எந்த மாடியில் எந்த நாய் கடிக்கும் என்பது வரைக்கும் தெரிந்தவர். கேபிள் டிவி படுத்துவிட்டது. டீச்சர் பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தபோது, துரைக்கண்ணு வந்து படிக்கட்டில் நின்றார்.

"எட்டாவதோட நின்னவன் டீச்சர். இதெல்லாம் எனக்கு ஏறுமா?"

"உங்களுக்குத் தெரு தெரியும். எனக்கு மிஷின் தெரியும். வாங்கண்ணே, மாத்திக்கலாம்."

அப்படித்தான் ஆரம்பம். மூணு வருஷத்தில் அறுநூறு வீடு ஆனது.

ஆபீஸ் ஒரு அரிசிக் கடைக்கு மேல் மாடி. ஏசி உண்டு, ஆனால் அது மிஷின் இருக்கிற அறைக்கு. மனுஷர்கள் வெளியே ஃபேனுக்குக் கீழே உட்காரணும். அறுநூறு வீட்டு லைனும் அந்த மிஷினில் வந்துதான் சேரும். அதில் ஒரு லிஸ்ட் உண்டு. எது முதலில் போகும், எது காத்திருக்கும் என்று அதில் எழுதி வைக்கலாம். டீச்சர் அதை ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

"இது ஏன் டீச்சர் காலியா கெடக்கு?"

"எழுதத் தெரியாமத்தான்."

துரைக்கண்ணு விழுந்து விழுந்து சிரித்தார். டீச்சருக்குத் தெரியாததா?

இன்னொரு நாள் கேட்டார். "யாரு என்ன பாக்குறாங்கன்னு நமக்குத் தெரியுமா டீச்சர்?"

"எங்க போறாங்கன்னு தெரியும். எதுக்குப் போறாங்கன்னு தெரியாது."

அதற்குத் துரைக்கண்ணு சிரிக்கவில்லை. புரியவும் இல்லை.

அப்புறம் டீச்சரின் அம்மாவுக்குத் திண்டுக்கல்லில் இடுப்பு ஆபரேஷன். டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வர இருபத்திமூணு நாள் ஆனது.

நாலாவது நாளே ஒரு ஆள் வந்தான். செல்போனில் சினிமாவும் கிரிக்கெட்டும் காட்டுகிற கம்பெனி. இஸ்திரி போட்ட சட்டை, கையில் இனிப்பு டப்பா.

"சார், உங்க கஸ்டமர் அத்தனை பேருக்கும் எங்க ஆப் ரெண்டு மாசம் ஓசி. புதுப்படம், மேட்ச், சீரியல், எல்லாம்."

"எதுக்கு?"

"சும்மாதான் சார். சாயங்காலம் ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் எங்களோடது தடங்கல் இல்லாம ஓடணும். மத்த வீடியோவெல்லாம் கொஞ்சம் பின்னால நிக்கட்டும். நிறுத்தச் சொல்லல. நிக்கட்டும்னுதான் சொல்றேன்."

அது வரைக்கும் யாரும் துரைக்கண்ணுவை சார் என்று சொன்னதில்லை. அதுதான் உண்மை. அவர் யோசித்தது எல்லாம் சேர்த்து ரெண்டு நிமிஷம் இருக்கும். மிஷின் அறைக்குள் போனார். ஒரு விரலால் தட்டித் தட்டி அந்த லிஸ்டில் முதல் வரியை எழுதினார்.

நன்றாகவே வேலை செய்தது. மேட்ச் சுத்தாமல் ஓடியது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். "கலக்குறீங்கண்ணே, அந்தம்மா இருந்தப்போகூட இப்படி ஓடல" என்றான் சலூன்காரன். துரைக்கண்ணு கூச்சப்படுகிற மாதிரி தலையை ஆட்டினார். கூச்சம் ஒன்றும் இல்லை.

டீச்சர் வந்த அன்றைக்கு அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

டீச்சர் லிஸ்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இருந்ததோ ஒரே வரி.

"ஒரு பைசா வாங்கல டீச்சர். எல்லாருக்கும் ஓசியில படம். ஊரே சந்தோஷமா இருக்கு. இதுல என்ன தப்பு?"

டீச்சர் கம்ப்ளெய்ன்ட் நோட்டை எடுத்தார். புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

செண்பகம், மேலத்தெரு கடைசி வீடு. வீடியோ பேசினால் உடைகிறது. அடுத்த வாரம் மறுபடியும் அதே பேர், அதே குறை. அப்புறம் இன்னொரு தடவை. மூணுக்கும் நேராக துரைக்கண்ணு கையெழுத்தில் ஒரே பதில். போன் கோளாறு.

"போய்ப் பாத்தீங்களாண்ணே?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் போன் கோளாறுன்னு எப்படித் தெரியும்?"

"பெரும்பாலும் அதான் இருக்கும்."

"லைன்ல இந்த வரி இருக்குன்னு அப்ப ஞாபகம் வந்துச்சா, வரலையா?"

துரைக்கண்ணு ஜன்னல் பக்கம் பார்த்தார். வந்தது. மூணு தடவையும் வந்தது.

டீச்சர் நோட்டை மூடினார். "இன்னைக்கு ஏழு மணிக்கு அந்த வீட்டுக்குப் போங்க. எதையும் கழட்ட வேண்டாம், மாட்ட வேண்டாம். உக்காந்து பாருங்க. போதும்னு எப்பத் தோணுதோ அப்ப எனக்கு ஒரு போன் போடுங்க. நான் மிஷின் பக்கத்துலயே இருக்கேன். அந்த வரியை எடுத்துடுறேன்."

"இப்பவே எடுத்துடலாமே டீச்சர்."

"எடுக்கலாம். அப்புறம் உங்க கேள்விக்கு யாரு பதில் சொல்றது?"

துரைக்கண்ணு போனார்.

மேலத்தெருவில் செல்போன் டவர் எடுக்காது. வேறு யாருடைய லைனும் அந்தத் தெருவுக்கு வரவில்லை. இவர்கள் லைன்தான் கதி. கடைசி வீட்டில் செண்பகம், அவள் மகள் வளர்மதி, வளர்மதிக்குப் பிறந்து எழுபது நாள் ஆன ஒரு பெண் குழந்தை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள். வளர்மதிக்குக் காது கேட்காது. கையால்தான் பேசுவாள். அவள் புருஷன் லோகநாதனும் அப்படித்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை.

"வாங்க கேபிள்கார அண்ணே" என்று செண்பகம் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "நீங்க போன் கோளாறுன்னு சொன்னீங்களா, பக்கத்து வீட்டு மருமகன் புது போனை வாங்கிப் போட்டுப் பாத்தோம். அதுலயும் உடையுது. ஆனா உங்க லைனைக் குத்தம் சொன்னா வாய் வெந்துடும். நீங்க குடுத்த ஓசி ஆப்பு அதே போன்ல கண்ணாடி மாதிரி ஓடுது."

"அப்ப கோளாறு எங்கன்னு நெனைக்கிறீங்க?"

அவர் கேட்டே இருக்கக் கூடாது.

"மாப்பிள்ளைகிட்டதாண்ணே."

துரைக்கண்ணு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"அவங்களுக்குள்ள ஒரு வழக்கம். நாம கூப்புடுற பேரு அவங்க காதுல விழாதில்ல? அதனால ஆளாளுக்கு ஒரு கைப்பேரு. வளர்மதிக்குப் பாருங்க." செண்பகம் சுட்டுவிரலால் வலது புருவத்தை நீவி, விரலைச் சுண்டினாள். "சின்ன வயசுல புருவத்துல அடிபட்ட தழும்பு. இதுதான் அவ பேரு. பொறந்த பிள்ளைக்கும் ஒண்ணு வைக்கணும். அப்பாதான் வைப்பேன்னு மாப்பிள்ளை ஆசைப்பட்டாரு. போன்ல தினம் பிள்ளையைப் பாத்துப் பாத்து யோசிச்சாரு. முடிவு பண்ணிட்டேன்னும் சொன்னாரு. அதுக்கப்புறம்தான் புடிச்சுது சனி."

"என்னாச்சு?"

"தினம் ஒரு பேரு சொல்றாராம்."

"புரியலம்மா."

"ஒரு நாள் கன்னத்துல கை வைக்கிறாராம். மறுநாள் காதுங்கிறாராம். அதுக்கு மறுநாள் வெறுங்கையைக் காட்டுறாராம். இவ எது சரின்னு கேட்டா, பாதிக் கையோட நிக்கிறாராம். வாய்க்குள்ளயே முணுமுணுப்பாங்கல்ல சில பேரு? அந்த மாதிரி கையால முணுமுணுக்கிறாரு, மனசுல வேற எதுவோ இருக்குங்கிறா. பெத்த பிள்ளைக்கு ஒரு பேரு வைக்க மனசு வரலைன்னா என்னண்ணே அர்த்தம்?"

வளர்மதி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாமே?" என்றார் துரைக்கண்ணு.

"சொல்லிப் பாத்தாச்சு. பிள்ளை முகத்தைப் பாத்துக்கிட்டேதான் வைப்பேன்னு நிக்கிறாரு. அவரு ஒண்ணு சொல்றாரு, நீ வேணும்னே முகத்தைத் திருப்பிக்கிற, கேட்டா பதில் சொல்ல அஞ்சு நிமிஷம் காக்க வைக்கிறன்னு. சண்டைண்ணே. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு. வர வேண்டாம்னு இவ மெசேஜ் போட்டுட்டா. நான் பிள்ளையோட இங்கேயே இருந்துக்கிறேன்னு."

ஏழரைக்குப் போன் மினுக்கியது. வளர்மதி எடுக்கலாமா என்று யோசித்தாள். எடுத்தாள். ஒரு சொம்பில் சாய்த்து வைத்தாள். குழந்தையைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

லோகநாதன் வந்தான். மெலிந்த ஆள், புதுச் சட்டை. சட்டையில் மடிப்பு கலையவில்லை. குழந்தையைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியே நின்றது. பல் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகம் வேறு இடத்தில் இருந்தது.

அவன் கையைத் தூக்கினான். ஒரு விரல் மோவாயில் பட்டது. அப்புறம் கை முழுக்கக் கஞ்சி மாதிரி கலங்கியது. எது விரல், எது சட்டை என்று தெரியவில்லை. தெளிந்தபோது கை தலைக்கு மேலே இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

துரைக்கண்ணுவுக்குத் தெரியும். நடுவில் இருந்ததெல்லாம் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அவர்தான் நிற்கச் சொன்னார்.

வளர்மதி ஒரு கையால் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அங்கே அவன் தலையைச் சொறிகிற மாதிரி நின்றான். அவனும் ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான் போல. ரெண்டு பேரும் பதிலுக்கு நின்றார்கள். ரெண்டு பேருமே ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார்கள்.

அவன் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை மோவாய் வரவில்லை. நேராக உள்ளங்கைதான் வந்தது.

வளர்மதி அம்மாவைப் பார்த்து வெறுப்பாக மூணு விரலை ஆட்டினாள்.

"பாருங்கண்ணே, இன்னைக்கும் வேற பேரு" என்றாள் செண்பகம்.

வளர்மதி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

குழந்தை அழுதது. அதை அவள் கேட்கவில்லை, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் தூக்கினாள்.

துரைக்கண்ணு வாசலுக்கு வந்தார். செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு, இவர்கள் லைனிலேயே போன் போட்டார்.

"போதும் டீச்சர்."

"சரி."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பத்தொன்பது நாள் சாயங்காலமும் இன்றைக்கு முக்கால் மணி நேரமும் நின்றது, ஒரு வரியை அழித்ததும் போய்விட்டது.

அவர் உள்ளே வந்து, இப்போது போட்டுப் பாருங்கள் என்றார். செண்பகம் கரூரில் இருக்கிற தங்கச்சியைக் கூப்பிட்டாள். தங்கச்சி மூக்குத்திக் கல் முதற்கொண்டு தெரிந்தது.

"அடியாத்தி! நீங்க வந்து கால் வெச்ச நேரம் பாருங்க. என்ன கைராசிண்ணே உங்களுக்கு!"

போனை மகளிடம் காட்டினாள். வளர்மதி பார்த்தாள். சித்தி கையசைத்தது சுத்தமாகத் தெரிந்தது. வளர்மதி மெதுவாக ரெண்டு மூணு சைகை காட்டினாள்.

"என்ன சொல்றாங்க?"

"லைன் நல்லாத்தான் இருக்கு, நான்தான் சொன்னேன்ல, அவருதான்னு சொல்றா."

துரைக்கண்ணு நின்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் செண்பகம் டீயோடு வந்துவிட்டாள். கூட ரெண்டு முறுக்கு. வளர்மதி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, அவரைப் பார்த்து மோவாயில் கை வைத்து அவர் பக்கம் நீட்டினாள். நன்றி. அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டி இருக்கவில்லை.

அவரும் பதிலுக்குக் கையைத் தூக்கினார். என்ன செய்வது என்று தெரியாமல் காதைச் சொறிந்துகொண்டார்.

எட்டே காலுக்கு ஆபீஸ் திரும்பினார். டீச்சர் மிஷின் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். லிஸ்ட் காலியாக இருந்தது.

"சரியாயிடுச்சு டீச்சர்."

"எது?"

"லைன்."

டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். துரைக்கண்ணு எல்லாவற்றையும் சொன்னார். மூணு விரல் ஆட்டினது வரைக்கும் சொன்னார்.

"கைராசின்னாங்க டீச்சர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டீ குடிச்சேன்."

துரைக்கண்ணு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயசு ஆள். முகத்தைத் துண்டால் துடைத்தார். வேர்வை இல்லை.

"நாளைக்குத் தெளிவா வரும்ல டீச்சர்? அவரு பேரைச் சொல்லிட்டாருன்னா தன்னால சரியாப் போயிடும்."

"இருபது நாளா தினம் ஒரு பேருன்னு அந்தப் பொண்ணு நெனச்சுக்கிட்டு இருக்கா. நாளைக்குத் தெளிவா வர்றது இருபத்தோராவது பேரு."

"இன்டர்நெட்ல ஏதோ பொதுவா கோளாறுன்னு சொல்லிடலாமா? பொய் கெடையாது டீச்சர். பாதி நெஜம்."

டீச்சர் மிஷின் அறைக் கதவைச் சாத்தினார்.

"நான்தான்னு சொன்னா ஊர்ல தலைகாட்ட முடியாது. அந்த டீக்கடைக்காரன் எந்திரிச்சு நின்னான் டீச்சர் எனக்கு."

டீச்சர் ஸ்டூலை அவர் பக்கம் திருப்பிப் போட்டு, "எழுதத் தெரியாமத்தான்னு அன்னைக்குச் சொன்னேன். சிரிச்சீங்க" என்றார்.

"விளையாட்டுக்குச் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

"இல்லண்ணே. யாரு எதுக்காகக் காத்திருக்காங்கன்னு தெரியாம, எதைப் பின்னால நிறுத்துறதுன்னு எனக்கு நெஜமாவே தெரியாது. நீங்க சிரிச்சப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு. நாளைக்கு அந்த வீட்டுக்கு நானும் போறேன், அதைச் சொல்ல. உங்களுக்கு அப்புறம் போறேன்."

துரைக்கண்ணு எழுந்தார். படி வரைக்கும் போனார். திரும்பினார்.

"செண்பகத்துக்கிட்ட சொல்லிடுறேன் டீச்சர். அது பொண்ணுகிட்ட சொல்லிக்கும்."

"செண்பகத்தோட பேச்சையா நிறுத்தி வெச்சீங்க?"

"எனக்கு அந்தப் பொண்ணோட பாஷை தெரியாதே டீச்சர். நான் எப்படிச் சொல்றது?"

"அந்த வரியை எந்தக் கையால எழுதுனீங்க?"

துரைக்கண்ணு வலது கையைப் பார்த்தார்.

"அதை எடுத்துட்டுப் போங்க."